பதிவேடில்லாத இயந்திரம்

புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு வழியாக வடக்கே செல்லும் வீதி எலுவன்குளத்திற் கலா ஓயாவைச் சந்திக்கின்றது. ஆற்றுக்கு அப்பால் வில்பத்துக் காடும், காட்டினூடாக மன்னாருக்குச் செல்லும் பழைய பாதையும் உள்ளன. மாரியில் மேலேயுள்ள குளங்களின் வான்கதவுகள் திறக்கப்பட்டால் எலுவன்குளத்துச் சப்பாத்துப் பாலம் நீருள் மறையும். வாகனங்கள் அவ்விடத்திலேயே திரும்பிவிடும். பாலத்துக்குக் கீழே ஆறு மேற்கு நோக்கிச் சென்று, அடர்ந்த கண்டற் காடுகளின் நடுவே கங்கேவாடி என்னும் மீனவர் குடியிருப்பைத் தொட்டுக்கொண்டு புத்தளம் களப்பிற் கலக்கின்றது. தாதுசேன மன்னன் ஐந்தாம் நூற்றாண்டிற் கட்டுவித்த கலாவெவவின் மிச்ச நீர் ஈற்றில் வந்து சேரும் இடம் அதுவே. களப்பின் மறுகரையிற் கற்பிட்டித் தீபகற்பம் நீண்டு கிடக்கின்றது. பாதை வழியே எலுவன்குளத்திலிருந்து கற்பிட்டிக்குச் செல்பவர் தெற்கே புத்தளம் வரை இறங்கி, பாலாவியிற் திரும்பி, மீண்டும் வடக்கே ஏறவேண்டும். நீர் வழியே செல்பவருக்குக் களப்பைக் குறுக்கே கடந்தாற் போதும். ஆனால், அதற்கு ஓடக்கூடிய ஓர் இயந்திரம் வேண்டும்.

இக்கரையோரத்துச் சிறு மீனவரின் முதல் என்பது பெரும்பாலும் பதினெட்டு அடி நீளமான கண்ணாடிநார்ப் படகும், அதன் பின்பலகையில் மாட்டப்பட்ட வெளியிணைப்பு இயந்திரமும், சில துண்டு வலைகளுமாகும். இவற்றுள் வலை கிழிந்தால் முடிந்து கொள்ளலாம். படகின் உடல் வெடித்தாற் பசையும் நாரும் இட்டு ஒட்டிக் கொள்ளலாம். இயந்திரம் அத்தகையதன்று. அது நின்ற நாளில் வருமானமும் நின்றுவிடும். தென்மேற்குப் பருவக் காற்று வீசும் மாதங்களிற் களப்பு வாயைக் கடந்து வெளிக்கடலுக்குச் சென்ற படகில் அது நின்றுவிட்டால், நட்டம் பணத்தோடு முடியாது. புதிய இயந்திரம் வாங்கும் வசதி பலருக்கு இல்லை. ஆதலால் கைமாறிய படகும் கைமாறிய இயந்திரமுமே சந்தையின் பெரும்பகுதி.

அவ்வாறு கைமாறும் இயந்திரங்களுக்குப் பராமரிப்புப் பதிவேடு என்று ஒன்று கிடையாது. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டத்தின்கீழ் மீன்பிடிப் படகு பதிவுசெய்யப்படல் வேண்டும். அப்பதிவு படகு யாருடையது என்பதைச் சொல்லும். எப்போது கியர் எண்ணெய் மாற்றப்பட்டது, எத்தனை முறை சிலிண்டர் தலை கழற்றப்பட்டது என்பனவற்றை அது சொல்லாது. சொல்லும்படி எவரும் அதனைக் கேட்டதுமில்லை. இலங்கையில் மீன்பிடிக் கலங்களை இயந்திரமயமாக்கும் முயற்சி 1950களில் வேகங்கொண்டது. காரைநகரில் நோர்வே உதவியோடு இயங்கிய சீநோர் படகுத் தளம் போன்றவை பின்னர் கண்ணாடிநார்க் கலங்களைப் பரப்பின. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரண நிறுவனங்கள் படகுகளையும் இயந்திரங்களையும் தாராளமாக வழங்கின. இம்மூன்று கட்டங்களிலும் இயந்திரம் வந்தது. அதற்கொரு கொப்பி வைத்து எழுதும் பழக்கம் வரவில்லை. இதை மீனவரின் குறையாகக் கூறுவது எளிது. அதிகாலை இரண்டு மணிக்குக் கரையிறங்கி, ஈரக் கையோடு வீடு திரும்பும் ஒருவரிடம் எழுதுகோலை எதிர்பார்ப்பவர், தம் மோட்டார்ச் சைக்கிளுக்கு அவ்வாறு ஏதேனும் எழுதி வைத்திருக்கின்றாரா என்று முதலில் பார்த்துக்கொள்வது நன்று.

பழைய பொருட் சந்தையைப் பற்றிப் பொருளியலார் நன்கறிந்த கட்டுரை ஒன்றுண்டு. ஜோர்ஜ் அக்கர்லோவ் என்னும் அமெரிக்கர் எழுதி, மூன்று ஆய்விதழ்கள் திருப்பியனுப்பிய பின்னர் 1970 இல் வெளியான கட்டுரை அது. அமெரிக்கப் பேச்சு வழக்கில் பழுதான வாகனத்தை எலுமிச்சை என்பர். பழைய கார்ச் சந்தையில் விற்பவனுக்குத் தன் கார் நல்லதா பழுதா என்பது தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆதலால் வாங்குபவன் எல்லாக் கார்களுக்கும் சராசரி விலையே தருவான். அவ்விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவன் விற்கமாட்டான். நல்லவை விலக, எலுமிச்சைகளே சந்தையில் எஞ்சும் என்பது அவர் வாதம். இவ்வாதத்துக்காகவும் இதனையொட்டி வளர்ந்த ஆய்வுகளுக்காகவும் 2001 இல் அவருக்கு வேறிருவரோடு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. வாதம் கூரியது. எனினும் அது ஒன்றை எடுத்துக்கொண்டே தொடங்குகின்றது. விற்பவனுக்காவது உண்மை தெரியும் என்பதே அது. விற்பவருக்கும் தெரியாத இடத்தில் யாது நிகழும்?

2023 ஆம் ஆண்டின் இறுதியில் எலுவன்குளத்து இளைஞர் ஒருவர் இந்த வினாவோடு கற்பிட்டிக்குப் புறப்பட்டார். வினா இவ்வுருவில் அவர் மனத்தில் இருந்திராது. அவர் அறிந்ததெல்லாம் கையிலிருந்த பணத்தை மட்டுமே. ஒன்பது ஆண்டுகள் பிறர் படகிற் பங்குக்குத் தொழில் செய்தவர் அவர். மனைவியின் தாலிக்கொடி ஒழிந்த நகைகள் யாவும் அடகில் இருந்தன. மைத்துனரிடம் கடனாக வாங்கியதும் சேர்ந்தது. கற்பிட்டிக் களப்புக் கரையோரக் கிராமம் ஒன்றில் 550,000 ரூபாவுக்கு ஒரு படகு விலைக்கு இருப்பதாகத் தரகர் சொல்லியிருந்தார். பதினைந்து குதிரைவலு, மண்ணெண்ணெயில் ஓடும் இரட்டைச் சிலிண்டர் இயந்திரம். உரிமையாளர் எட்டு மாதங்களுக்கு முன் நெஞ்சு வருத்தத்தால் இறந்துவிட்டார். விற்பவர் அவர் மனைவி. இயந்திரத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது என்று தரகர் முன்னரே கூறிவிட்டார். அதைக் குறையாக அன்றி, ஒரு வசதியாகவே கூறினார் எனத் தோன்றுகின்றது.

இளைஞர் தனியே செல்லவில்லை. படகு இயந்திரங்களைத் திருத்தும் முதியவர் ஒருவரையும் அழைத்துச் சென்றார். ஊரில் எல்லோருக்கும் அவர் நானா. மன்னார்ப் பக்கம் கராஜ் வைத்திருந்தவர்; 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது குடும்பத்தோடு புத்தளம் வந்து சேர்ந்தவர். இருபது ஆண்டுகளிற் திரட்டிய கருவிகளை அன்று விட்டுவிட்டு வந்ததாகச் சொல்வார்; வேறெதனையும் விட்டு வந்ததாகச் சொல்லமாட்டார். பஸ்ஸில் புத்தளம் வரை, அங்கிருந்து கற்பிட்டி வரை என அரை நாட் பயணம். வழியெங்கும் நானா இயந்திரத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை என்பது இளைஞருக்கு வருத்தம்.

படகு கரையில் ஏற்றப்பட்டிருந்தது. இயந்திரம் வீட்டின் பின்புறத்துப் பத்தியில் மரத்தாங்கியொன்றில் மாட்டப்பட்டு, பழைய படங்கினால் மூடப்பட்டிருந்தது. தரகர் படங்கை நீக்கி, "ஒரே இழுவையில ஸ்டார்ட் ஆகும், பாருங்க" என்று கயிற்றிற் கைவைத்தார். நானா அவரைத் தடுத்தார்.

"பொறுங்க. தம்பி, முதல்ல கையை வெச்சுப் பாருங்க."

இளைஞர் சிலிண்டர் தலைமீது உள்ளங்கையை வைத்தார். குளிர்ந்திருந்தது. இச்சிறு செயலின் பொருளை அவர் பின்னரே கேட்டறிந்தார். சூடேறிய இயந்திரம் எதுவும் எளிதாக இயங்கும். தேய்ந்த பிஸ்டன் வளையமும், அடைபட்ட காபரேற்றரும் குளிர்ந்த நிலையிலேதான் தம்மைக் காட்டிக்கொள்ளும். வாங்குபவர் வருமுன் இயந்திரத்தை ஓட்டிச் சூடாக்கி வைப்பது விற்பனையின் பழைய தந்திரம். இங்கு அத்தந்திரம் செய்யப்படவில்லை. செய்யத் தெரிந்தவர் அவ்வீட்டில் இல்லை.

நானா அடுத்துக் கேட்டது இயந்திரத்தையன்று. "தங்கச்சி, அவருட சாமான் பெட்டி இருக்கா?" என்றார். தரகர் சிரித்தார். அப்பெண் உள்ளே சென்று, துருவேறிய தகரப் பெட்டியொன்றைச் சுமந்து வந்தார். அதனுள் பிளக் கழற்றும் சாவி, விளிம்பு மழுங்கிய இரண்டு திருப்புளிகள், பாதி தீர்ந்த கிறீஸ் குழாய், சீலைத் துண்டுகள், மூடி போட்ட சிறிய பெற்றோற் போத்தல் ஒன்று ஆகியன இருந்தன. அடியில் ஒரு பொலித்தீன் பையில் மூன்று பழைய இம்பெல்லர்கள். இம்பெல்லர் என்பது களப்பு நீரை உறிஞ்சி இயந்திரத்தைச் சுற்றி அனுப்பிக் குளிரச் செய்யும் றப்பர்ச் சில்லு. களப்பு ஆழமற்றது, பல இடங்களில் இரண்டு மீற்றருக்கும் குறைவு. மண்ணையும் சேற்றையும் கடற்புல்லையும் கலக்கிக்கொண்டு ஓடும் இயந்திரத்தில் இச்சில்லின் இதழ்கள் விரைவிலே தேயும். ஒடிந்த பின்னரே மாற்றுபவர் பலர். அதற்குள் சிலிண்டர் சூடேறி வளைந்துவிடும். பைக்குள் இருந்த மூன்றின் இதழ்களும் தேய்ந்திருந்தனவேயன்றி, ஒன்றேனும் ஒடிந்திருக்கவில்லை. நானா மூன்றையும் வரிசையாகத் தரையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

நான்கு வீச்சு இயந்திரமாயின் எண்ணெய்க் கோலை இழுத்துப் பார்த்து ஓரளவு கதை அறியலாம். ஈர்வீச்சு இயந்திரத்தில் அதற்கும் வழியில்லை. அதன் உராய்வு நீக்கும் எண்ணெய் எரிபொருளோடு கலந்து, வேலை செய்து, எரிந்து போய்விடும், சாட்சி மிஞ்சாது. எஞ்சும் சாட்சிகளில் முதன்மையானது பிளக். நானா இரண்டு பிளக்குகளையும் கழற்றி, எது மேலது எது கீழது என்று மறவாமல் தம் இரு கைகளிலும் பிடித்துக்கொண்டார். முனை வெளிறிய கபில நிறமாக இருப்பின் எரிதல் ஒழுங்கு. கறுத்து ஈரமாக இருந்தால் எரிபொருள் முற்றும் எரியவில்லை. மண்ணெண்ணெய் இயந்திரத்தில் இது சற்று மன்னிக்கத்தக்கது. வெள்ளையாக வெளுத்திருந்தால் சூடு மிகுந்திருக்கின்றது. அலுமினியப் பொட்டுகள் ஒட்டியிருந்தால் பிஸ்டன் உருகத் தொடங்கிவிட்டது. பேச்சை அத்தோடு நிறுத்தி எழுந்து வரலாம். ஒன்று மட்டும் கழுவியது போல் துப்புரவாக இருந்தால் அந்தச் சிலிண்டருக்குள் நீர் கசிகின்றது. இவ்விரண்டும் கருங்கபில நிறத்தில் ஒன்றையொன்று ஒத்திருந்தன.

பின்னர் அமுக்கமானியைப் பிளக்கின் துளையில் முடுக்கி, கயிற்றை இழுக்கச் சொன்னார். மேற்சிலிண்டரில் சதுர அங்குலத்துக்கு 96 இறாத்தல், கீழ்ச்சிலிண்டரில் 92. இங்கு எண்ணின் அளவைவிட இரு எண்களுக்கிடையிலான இடைவெளியே பெரிது. பத்து வீதத்துக்கு மேற்பட்டால் ஒரு பக்கத்து வளையமோ சிலிண்டர்ச் சுவரோ தேய்ந்துவிட்டது என்று ஐயுறவேண்டும். அமுக்கமானி இல்லாதவர் கயிற்றை மெல்ல இழுத்து, கையில் அடுத்தடுத்து வரும் இரு தடைகளும் ஒரே அளவினவா என்று உணர்வர். பழகிய கைக்கு அது பெரும்பாலும் போதும். தலையின் ஆணிகளில் சாவி பட்ட தழும்பு ஒருமுறைக்கு மேல் இல்லை. நிறப்பூச்சு எங்கும் கொப்புளிக்கவில்லை. புதுப்பூச்சும் பூசப்படவில்லை, பழைய இயந்திரத்தில் புதுப்பூச்சு நம்பிக்கை தராது.

இதுவரை எல்லாம் நன்று. கியர்ப் பெட்டியில்தான் நிலைமை மாறியது. இயந்திரத்தை ஓட்டிய பின் அதன் எண்ணெயைப் பார்ப்பது பயன் குறைந்தது. நீர் புகுந்திருந்தால் எண்ணெயோடு கலந்து ஒன்றாகிவிடும். பல நாள் அசையாது நின்ற இயந்திரத்தில் நீர் கனத்தால் கீழே தங்கும். தரகர் கயிற்றை இழுக்கவிடாமல் நானா தடுத்ததற்கு இது இன்னொரு காரணம். அடித்திருகாணியை அரைச் சுற்று நெகிழ்த்தியதும் முதலில் தெளிந்த நீர் நாலைந்து துளி சொட்டிற்று. பின்னர் எண்ணெய் வந்தது; பாற்கோப்பி நிறம்.

தரகரின் முகம் மாறியது. கியர்ப் பெட்டி போய்விட்டது என்பது அவருக்கும் தெரிந்த அடையாளம். கமிஷன் கைநழுவுமோ என்ற பதற்றத்தில் அவர் இளைஞரை ஒதுக்கி அழைத்துச் சென்று, தொண்ணூறாயிரம் ரூபா குறைத்துத் தரச் சொல்வதாக வாக்களித்தார். "அந்தப் பொம்பளைக்கு என்ன தெரியும்? நான் சொன்னாக் கேட்கும்" என்றும் சொன்னார். அவர் திரும்பி வந்தபோது நானா காற்றாடியைக் கழற்றியிருந்தார். அதன் பின்னால், தண்டைச் சுற்றி, இறுகிப்போன தங்கூசி நூல் ஒரு விரற்கடை தடிப்பில் சுருண்டு கிடந்தது. எவருடையதோ அறுந்த வலை. தண்டோடு சேர்ந்து சுழன்ற நூல், எண்ணெய் காக்கும் றப்பர் வளையத்தை வெட்டியிருந்தது. வடிந்த எண்ணெயை நானா வெள்ளைச் சீலையிற் தோய்த்து வெயிலிற் பிடித்தார். உலோகத் தூள் மினுங்கவில்லை. காந்தத்தை வைத்தும் பார்த்தார், எதுவும் ஒட்டவில்லை. பற்சில்லுகள் அரிபடுமுன் இயந்திரம் நின்றுவிட்டது. அல்லது, அதன் உரிமையாளர் நின்றுவிட்டார். புது வளையமும் எண்ணெயும் கூலியும் சேர்ந்து ஐயாயிரம் ரூபாவுக்கு உள்ளே அடங்கும். இதனை நானா இளைஞரின் காதில் மட்டுமே சொன்னார்.

இந்நிலையில் அக்கர்லோவின் சந்தை தலைகீழாகிவிட்டது. இயந்திரத்தைப் பற்றி வாங்குபவர் அறிந்தது விற்பவர் அறிந்ததிலும் மிகுதி. பழுது பெரிதென்று விற்பவர் பக்கத்துத் தரகரே நம்புகின்றார். வாங்குபவர் பொய் சொல்லவேண்டியதும் இல்லை. வாய் திறவாதிருந்தாற் போதும். 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் வாங்குபவனை விழிப்பாயிருக்கச் சொல்கின்றது. வாங்குபவனிடமிருந்து விற்பவரைக் காக்கவேண்டிய நிலை வருமென்று அதனை இயற்றியோர் அவ்வளவாக எண்ணியிருக்கமாட்டார்கள்.

அதுவரை வாசற்படியில் நின்ற அப்பெண்ணிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. நானாதான் கேட்டார்; அதுவும் இயந்திரத்தைப் பற்றியன்று. பத்தியின் மூலையில் கவிழ்த்து வைத்திருந்த பீப்பாய் எதற்கு என்றார்.

"அது எஞ்சினுக்கு, நானா. சனிக்கிழமை பின்னேரத்தில பீப்பா நிறையக் கிணத்துத் தண்ணி அள்ளி ஊத்துறது என் வேல. பத்து வாளி போகும். அவர் அதுக்குள்ள எஞ்சினை இறக்கி ஓடவிடுவார். கோயிலுக்குப் போற சட்டையெல்லாம் புகை மணக்கும் எண்டு நான் ஏசுவன்."

உப்பு நீரிலோடும் இயந்திரத்தின் உட்குழாய்களில் நீர் வற்றியதும் உப்புப் படியும். படிந்த உப்பு வழியை அடைக்கும், அலுமினியத்தை அரிக்கும். தெற்கே பாலாவியில் உப்பளங்கள் அமையும் அளவுக்கு உவரான களப்பில் இது இன்னும் விரைவாக நிகழும். நன்னீரில் ஓட்டிக் கழுவுவதே மருந்து. எலுவன்குளத்தாருக்கு ஆறு இருக்கின்றது. மழைக்காலத்தில் படகோடு மேலேறினால் இயந்திரம் தானே கழுவப்படும். கற்பிட்டி மணற்பாங்கில் ஆறு இல்லை, கிணறு உண்டு. வாரந்தோறும் பத்து வாளி நீர் என்பது ஓர் ஆண்டில் ஐந்நூறு வாளிக்கு மேல். பதிவேடு கேட்டு வந்தவர்களுக்கு, அந்த வீட்டில் அதனைத் தம் தோளில் வைத்திருந்தவர் இவரே. தமக்கு இயந்திரத்தைப் பற்றி எதுவும் தெரியாதென்று இவரும் நம்பியிருந்தார்.

நானா விடவில்லை. 2022 இல் என்ன நிகழ்ந்தது என்று வினவினார். அவ்வாண்டைக் கேட்டதற்குக் காரணமுண்டு. எரிபொருட் தட்டுப்பாட்டில் அவ்வாண்டு கரையோரமெங்கும் படகுகள் கிடையாய்க் கிடந்தன. ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. அக்காலத்தில் இயந்திரங்கள் இருவகையிற் கெடும் நிலை இருந்தது. ஒன்று, உப்பு நீரோடு மாதக்கணக்கில் நின்று வளையங்கள் இறுகிப்போதல். மற்றது, செலவைச் சுருக்க எண்ணிக் கலவை எண்ணெயைக் குறைத்து ஓட்டிச் சிலிண்டர்ச் சுவரைக் கீறிவிடுதல். பழைய இயந்திரம் வாங்குபவர் எவரும் அவ்வாண்டைக் கேட்காமல் விடக்கூடாது.

"நாலு மாசம் போட் கரையிலதான். எஞ்சினைக் கழட்டிக்கொண்டு வந்து இதில மாட்டிட்டார். பிளக்கைக் கழட்டி என்னமோ எண்ணெய் விட்டு, கிழமைக்கு ஒருக்காக் கயித்தை இழுத்து இழுத்து விடுவார். ஓடாத எஞ்சினை ஏன் இழுக்குறீங்க எண்டு பிள்ளைகள் சிரிக்கும்."

நானா தலையை மட்டும் அசைத்தார். நிற்கும் இயந்திரத்தின் வளையங்கள் சுவரோடு ஒட்டாதிருக்கச் செய்யவேண்டியது அதுவே. அமுக்கமானி காட்டிய இரு எண்களுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது.

பின்னர் கியர்ப் பெட்டிக்குத் தற்காலிகமாகப் புது எண்ணெய் இட்டு, படகைக் களப்பிலிறக்கி, இயந்திரத்தை மாட்டினர். கரையில் நன்றாக இயங்கிய இயந்திரம் பாரம் ஏறியதும் மூச்சு வாங்குவதுண்டு. ஆகவே நால்வர் ஏறி, மணல் மூட்டைகளும் ஏற்றினர். பெற்றோலிற் தொடங்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். முழு வேகத்தில் இருபது நிமிடம் ஓட்டினர். பின்புறத்துத் துளையிலிருந்து குளிர்நீர் தாரை தடையின்றிப் பாய்ந்தது. கையிற் பிடித்தால் இளஞ்சூடு. முன், பின் கியர்கள் துள்ளாமல் விழுந்தன. எனினும் வேகத்தைக் கூட்டியபோது பின்பலகை சற்றே உள்வாங்குவதை இளைஞரே கண்டார், நானா காணவில்லை. கரைக்கு வந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தபோது இடப்பக்கம் கணீரென ஒலிக்க, வலப்பக்கம் நனைந்த பலகையின் மந்த ஒலி வந்தது. கண்ணாடிநார்த் தோலின் உள்ளே உள்ள மரம் நீரேறி உழுத்திருந்தது. இதுதான் அப்படகின் மெய்யான பழுது. எல்லோரும் இயந்திரத்தையே நோக்கிக் கொண்டிருந்ததால் தப்பித்துக் கிடந்த பழுது. திருத்த முப்பத்தையாயிரம் ரூபாவேனும் ஆகும்.

அன்று விலை பேசப்படவில்லை. இரவு கற்பிட்டியில் தெரிந்தவர் வீடொன்றிற் தங்கினர். இளைஞர் உறங்கவில்லை என்று நானா பின்னர் சொன்னார். தொண்ணூறாயிரம் ரூபா அடகிலிருந்த நகைகளிற் பாதியை மீட்கப் போதும். அதிலும், அது அவர் கேட்டுப் பெற்றதன்று, தானாக வந்தது. இளைஞர் ஒருமுறை, "நானா, என்ன செய்வம்?" என்று கேட்டதாகவும், "காசு உங்கட காசு, தம்பி" என்பதற்கு மேல் தாம் ஒன்றும் சொல்லவில்லை என்றும் நானா கூறினார். இது முழு உண்மையா என்பதில் இளைஞரின் மனைவிக்கு இன்றும் ஐயம் உண்டு.

மறுநாட் காலையில் இளைஞர் தரகரை விலக்கிக்கொண்டு அப்பெண்ணிடம் நேரே சென்றார். "அக்கா, கியருக்குள்ள தண்ணி போயிருக்கு, ஆனா அது சின்ன வேல. ஐயாயிரம் குறைங்க. பின்பலகை உழுத்துப் போச்சு, அதுக்கு முப்பத்தையாயிரம். ஐந்து இலட்சத்துப் பத்தாயிரம் தாறன்" என்றார். தரகர் இளைஞரை நோக்கிய பார்வையில் சினத்தை விட வியப்பே மிகுந்திருந்தது. அப்பெண் ஒருகணம் தயங்கி, பின்பலகையைத் தமக்கும் காட்டும்படி கேட்டார். இளைஞர் தட்டிக் காட்டினார். அவரும் இடமும் வலமுமாக இருமுறை தட்டி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சரி என்றார். தரகரின் கமிஷனை இருவரும் பாதிப் பாதியாகக் கொடுத்தனர். உரிமை மாற்றத்துக்கான பத்திரங்களுக்கு மேலும் சில வாரங்கள் ஆயின. இறந்தவர் பெயரிலிருந்த படகு ஆதலால் அலைச்சலும் சற்று மிகுதி. அது வேறு கதை.

தகரப் பெட்டியையும் அப்பெண் படகில் ஏற்றிவிட்டார். இம்பெல்லர்கள் மூன்றும் அதற்குள்ளேயே இருந்தன. பீப்பாயையும் எடுத்துச் செல்லும்படி சொன்னார். எலுவன்குளத்தில் ஆறு இருக்கின்றது என்று இளைஞர் மறுத்தார். கோடையில் ஆறும் உவர்க்குமே என்று நானா இடைமறித்தார். பீப்பாயும் ஏறியது.

காற்று எழுமுன் களப்பைக் கடந்தனர். பின்பலகைக்குப் பாரம் கொடாதபடி பாதி வேகத்திலேயே ஓட்டியதால் நேரம் ஆயிற்று. கண்டற் காட்டின் பசுங்கோடு தெளிந்து, ஆற்று வாய் தென்பட்டபோது, இளைஞர் மண்ணெண்ணெய்க் குழாயை மூடிப் பெற்றோலுக்குத் திருப்பினார். மண்ணெண்ணெய் காபரேற்றரில் தங்கிவிட்டால் மறுநாட் காலையில் இயந்திரம் இலகுவில் இயங்காது. கலனிற் பெற்றோல் தீரும் நிலையில் இருந்தது. நானா தகரப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்த சிறு போத்தலை எடுத்து நீட்டினார்.